அரிசி இருக்கா? – பதில் சொல்லும் வெப்சைட்டுகளும் பதில் தெரிந்த அலமாரியும்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான் உள்ளது. 'புள்' என்றால் பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தல வரலாறு. தாயார் மரகதவல்லி. பிள்ளை வரம் வேண்டி வரும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் அது முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பயறுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வறுத்த பயறு சாதாரணமாக முளைக்காது. அதனால்தான் முளைத்தால் அற்புதம் என்கிறோம். வறுக்கும்போது பயறின் ஈரம் போகிறது. முளைக்கும் சக்தி போகிறது. உள்ளே இருக்கும் வண்டின் முட்டையும் அழிகிறது. தானியத்தைக் கெடாமல் வைத்துக்கொள்ள நம் வீடுகளில் இருந்த பழைய தொழில்நுட்பம் இது. கஷ்ட காலத்துக்கு உணவை எடுத்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

இந்த வட்டாரத்தில் அதற்குத் தனிக் காரணமும் உண்டு. காஞ்சிபுரம் பட்டு நெசவில் குழித்தறிதான் பழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தறிக்குழியில் நீர் ஊறும். பாவு ஈரம் கோத்துக்கொள்ளும். தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். புயல் வந்தால்தான் அவசரகாலம் என்பது இல்லை. பத்து நாள் விடாமல் மழை பெய்தாலே இந்த வீடுகளுக்கு அது அவசரகாலம்தான்.

அப்படிப்பட்ட நாளில் ஒரு வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குப் போன் போகிறது.

"அண்ணாச்சி, கடை தொறந்திருக்கா? அரிசி இருக்கா?"

"இருக்கும்மா. பொன்னி தீர்ந்துபோச்சு. இட்லி அரிசி அஞ்சு கிலோ இருக்கு. ஆறு மணிக்குள்ள வந்துடுங்க, கரென்ட் இல்ல, கடையை அடைச்சிருவேன்."

இந்தப் பதிலைக் கவனியுங்கள். எது இருக்கிறது, எது இல்லை, எவ்வளவு இருக்கிறது, எத்தனை மணி வரை கிடைக்கும் என்ற நான்கு விவரங்களும் இரண்டு வரிக்குள் வந்துவிட்டன. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே மூட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் இது.

இன்று இந்த வேலையை வெப்சைட்டுகள் செய்ய வந்திருக்கின்றன. திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு வட்டம். அதைக் கிளிக் செய்தால் "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்கிறது. ஆங்கிலத்தில் 'சாட்பாட்' என்கிறார்கள். பேசும் வெப்சைட் என்று நாம் சொல்லலாம். கடை வைத்திருப்பவர்கள் பலரும் இது தமக்கும் வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். வாங்குகிறவர்களோ அது சொல்வதை நம்பலாமா என்று யோசிக்கிறார்கள். இரு தரப்புக்கும் அண்ணாச்சியின் பதில்தான் அளவுகோல். எந்த வெப்சைட்டையும் பேச வைத்துவிடலாம். மூட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வெப்சைட் எப்படிப் பேசுகிறது?

பேசும் வெப்சைட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை பட்டன் வகை. "1. கடை நேரம், 2. விலைப்பட்டியல், 3. டோர் டெலிவரி" என்று மெனு வரும். நீங்கள் தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே எழுதி வைத்த பதில் வரும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் எழுதி வைத்ததைத் தவிர வேறு எதையும் சொல்லாது. தானாகக் கற்பனை செய்து பேசாது.

இரண்டாவது வகை சொல் தேடும் வகை. நீங்கள் டைப் செய்யும் வரியில் 'அரிசி', 'விலை' போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, அதற்கென்று வைத்திருக்கும் பதிலை எடுத்துக் கொடுக்கும். இதன் மூதாதை 'எலிசா'. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966-ல் வெளியிட்ட புரோகிராம் அது. மனநல ஆலோசகர் போலப் பேசும். நீங்கள் சொன்ன வாக்கியத்தையே கொஞ்சம் திருப்பிப் போட்டு உங்களிடமே கேள்வியாகக் கேட்கும். அதற்கு எதுவும் புரியாது. ஆனாலும் அதனுடன் பேசியவர்கள் அது தங்களைப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள். இந்த நம்பிக்கைதான் பின்னால் பல தொல்லைகளுக்குக் காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது வகை செயற்கை நுண்ணறிவு வகை. 2022 நவம்பர் 30-ல் 'சாட்ஜிபிடி' வெளியானதற்குப் பிறகு உலகம் முழுவதும் பரவியது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கும் முறை இது. தமிழிலும் பேசும். "வீட்ல ஒண்ணுமே இல்ல, மழை வேற, என்ன பண்றது?" என்று கேட்டாலும் புரிந்துகொண்டு பதில் சொல்லும். முதல் இரண்டு வகைகளுக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மூன்றாவது வகைக்கு உலகத்து அரிசி வகைகள் எல்லாம் தெரியும். உங்கள் தெருக் கடையில் எத்தனை கிலோ அரிசி இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதைக் கடையின் இருப்புப் பதிவேட்டில், அதாவது டேட்டாபேஸில், போய்ப் பார்த்துவிட்டு வரும்படி புரோகிராம் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டாலும் அது சும்மா இருக்காது. அழகான தமிழில், "ஆம், இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். பொய் சொல்லும் எண்ணம் அதற்கு இல்லை. அந்த இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் வாக்கியம் அதுதான், அவ்வளவே.

ஒரு பட்டுச்சேலைக் கடையின் வெப்சைட் இப்படித் தவறாகச் சொன்னால் ஒரு வியாபாரம் போகும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். ஆனால் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறவரிடம் மளிகைக் கடையின் வெப்சைட் தவறாகச் சொன்னால், அன்று இரவு ஒரு வீட்டில் அடுப்பு எரியாது.

ரேஷன் கடையின் எளிய வழி

இருப்பைப் பார்த்துப் பதில் சொல்லும் முறைக்கு நல்ல உதாரணம் நம் மாநிலத்திலேயே உண்டு. அதற்கு ஸ்மார்ட் போன்கூடத் தேவைப்படவில்லை.

2017-ல் தமிழ்நாட்டில் காகித ரேஷன் கார்டுகளுக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டுகள் வந்தன. கடைகளில் பில் போடும் மின்னணுக் கருவிகள் வைக்கப்பட்டன. பொருள் வாங்கினால் பதிவு செய்த செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வரத் தொடங்கியது. அத்துடன் இன்னொரு வசதியும் அறிமுகமானது. பதிவு செய்த போனிலிருந்து 'பிடிஎஸ் 101' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினால் உங்கள் கடையில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பதில் வரும். 'பிடிஎஸ் 102' என்று அனுப்பினால் கடை திறந்திருக்கிறதா என்று பதில் வரும்.

இதில் "வணக்கம்" இல்லை. சிரிக்கும் பொம்மை இல்லை. ஆனால் கேள்வி சரியானது. பதிலும் பில் போடும் கருவியில் உள்ள கணக்கிலிருந்து வருகிறது. ஒருவர் ஐந்து கிலோ வாங்கினால் இருப்பில் ஐந்து கிலோ குறையும். அண்ணாச்சி மூட்டையைத் திரும்பிப் பார்ப்பதற்கு நிகரான வேலை இது. உண்மையான இருப்பும் பதிவான இருப்பும் ஒன்றாக இருக்கும்வரை இந்த எஸ்.எம்.எஸ். எந்தச் செயற்கை நுண்ணறிவுக்கும் குறைந்தது அல்ல.

2015 மழை கற்றுத் தந்த பாடம்

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அன்றைய ஒன்றுபட்ட காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் பல செயலிழந்தன. அப்போது தன்னார்வலர்கள் 'சென்னைரெயின்ஸ்.ஆர்க்' என்ற வெப்சைட்டைத் தொடங்கினார்கள். எங்கே தங்க இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கிடைக்கும், யாருக்கு என்ன தேவை என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் பதிந்து எல்லோரும் பார்க்கும்படி வைத்தார்கள். சாதாரண கட்டங்கள் போட்ட பக்கம்தான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது வழிகாட்டியது.

ஆனால் அந்த நாட்களில் எல்லோரும் பட்ட தொல்லை ஒன்று உண்டு. பழைய செய்திகள். "இந்த இடத்தில் சாப்பாடு கிடைக்கும்" என்று காலையில் அனுப்பிய செய்தி, மதியம் சாப்பாடு தீர்ந்த பிறகும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். செய்தியில் நேரம் இருக்காது. ஒவ்வொன்றையும் போன் செய்து சரிபார்க்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. இருப்பைப் பற்றிய எந்தப் பதிலிலும் நேரம் இருக்க வேண்டும். "அரிசி இருக்கிறது" என்பது பாதிப் பதில். "மாலை 4.10 மணிக்குப் பார்த்தபோது 12 கிலோ இருந்தது" என்பது முழுப் பதில். நீங்கள் பயன்படுத்தும் எந்தக் கடையின் வெப்சைட்டிலும் முதலில் இதைத் தேடுங்கள். நேரம் இல்லை என்றால் ஒரு போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது இதே காட்சி வேறு வடிவில் திரும்பியது. தெருக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் நம்பரை அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். பட்டியலை அனுப்பினால் கட்டி வைப்பார்கள், போய் வாங்கிக்கொள்ளலாம். பல மளிகைக் கடைகள் கம்ப்யூட்டர் யுகத்துக்குள் நுழைந்தது அந்த வாரங்களில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுப் பகுதிகளிலும் பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்தார்கள். அப்போதும் எல்லோரும் கேட்ட கேள்வி "எங்கே இருக்கு?" என்பதுதான்.

நியூசிலாந்தில் ஒரு சமையல் குறிப்பு

பேசும் வெப்சைட் பதிவேட்டைப் பார்க்காமல் பேசினால் என்ன ஆகும்? இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

நியூசிலாந்தில் 'பாக்என்சேவ்' என்ற பெரிய மளிகைக் கடைத் தொடர் இருக்கிறது. விலைவாசி ஏறியிருந்த 2023-ல், வீட்டில் மீந்திருக்கும் பொருட்களைச் சொன்னால் அதை வைத்துச் சமையல் குறிப்பு தரும் பாட் ஒன்றை வெளியிட்டது. நல்ல யோசனைதான். உணவு வீணாகாது. ஆனால் சிலர் வேண்டுமென்றே ப்ளீச், அமோனியா என்று வீட்டுச் சுத்திகரிப்புப் பொருட்களின் பெயர்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். பாட் சளைக்கவில்லை. அவற்றைத் தண்ணீரில் கலந்து தாகம் தணிக்கும் பானம் என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. ப்ளீச்சும் அமோனியாவும் கலந்தால் வருவது நச்சு வாயு. மூச்சில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும். 2023 ஆகஸ்டில் இது உலகச் செய்தியானது. பாட்டைச் சரிசெய்வதாக நிறுவனம் சொன்னது.

அந்த பாட்டுக்கு மொழி தெரிந்தது. உணவு எது, உணவு அல்லாதது எது என்ற பட்டியல்தான் அதனிடம் இல்லை. அவசரகாலத்தில் வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்க நினைக்கும் எவரும் இந்தக் கதையை நினைவில் வைக்க வேண்டும். கெட்டுப்போன உணவைச் சாப்பிடலாமா, வெள்ள நீர் பட்ட அரிசியைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா போன்ற கேள்விகளை பாட்டிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வெள்ள நீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அது பட்ட அரிசியைக் கொட்டிவிடுவதுதான் சரி.

இரண்டாவது சம்பவம் கனடாவில். உறவினர் இறந்ததால் விமானத்தில் செல்ல வேண்டியிருந்த ஒருவர் 'ஏர் கனடா' வெப்சைட்டின் பாட்டிடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். முதலில் டிக்கெட் வாங்கிவிட்டு 90 நாட்களுக்குள் சலுகை கேட்கலாம் என்றது பாட். நிறுவனத்தின் விதியோ அப்படி இல்லை. பணம் தர மறுத்துவிட்டார்கள். வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குப் போனது. பாட் சொன்னதற்கு பாட்தான் பொறுப்பு என்ற ரீதியில்கூட நிறுவனம் வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. வெப்சைட்டில் உள்ள அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, ஏறத்தாழ 812 கனடா டாலர் தரும்படி 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பையன் சொன்ன வாக்குக்கு முதலாளி பொறுப்பு என்றால், வெப்சைட் சொன்ன வாக்குக்கும் முதலாளிதான் பொறுப்பு.

உங்களிடம் கடை இருக்கிறதா?

தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்குப் பெரிய செலவில் வெப்சைட் தேவையில்லை. 2018 ஜனவரியில் வெளியான 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற இலவச ஆப் போதும். அதை இன்ஸ்டால் செய்துவிட்டு கீழ்க்கண்டவற்றைச் செய்யுங்கள்.

1. கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம் மூன்றையும் புரொபைலில் நிரப்புங்கள். கேள்விகளில் ஒரு பங்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

2. 'கேட்டலாக்' பகுதியில் பொருட்களைப் படத்துடன் சேர்க்கலாம். எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, பால் பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி என்று மக்கள் அவசரத்துக்குக் கேட்கும் இருபது பொருள் போதும். தீர்ந்துபோன பொருளை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. மறைக்க மறக்காதீர்கள்.

3. 'கிரீட்டிங் மெசேஜ்', 'அவே மெசேஜ்' என்று இரண்டு தானியங்கிப் பதில்கள் உள்ளன. முதலாவது புதிதாகச் செய்தி அனுப்புவோருக்கு. இரண்டாவது கடை மூடியிருக்கும் நேரத்துக்கு. இவற்றில் "எல்லாப் பொருட்களும் கிடைக்கும்" என்று எழுதாதீர்கள். "செய்தி கிடைத்தது. இருப்பைப் பார்த்துவிட்டு மாலை 5 மணிக்குள் சொல்கிறோம்" என்று எழுதுங்கள்.

4. 'குவிக் ரிப்ளை' வசதியில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு பதில்களைச் சேமித்து வைக்கலாம். சாய்வுக்கோடு போட்டுச் சுருக்கெழுத்தை அடித்தால் முழுப் பதிலும் வந்துவிடும். அளவையும் நேரத்தையும் மட்டும் நீங்கள் கையால் நிரப்பும்படி பதிலை அமையுங்கள். இப்படிச் செய்தால் மூட்டையைப் பார்க்காமல் பதில் அனுப்பவே முடியாது.

கடை பெரிது, வெப்சைட்டில் செயற்கை நுண்ணறிவு பாட் வைக்கப் போகிறீர்கள் என்றால் புரோகிராம் எழுதித் தருபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இருப்பைப் பதிவேட்டில் பார்த்த பிறகுதான் பதில் சொல்லுமா? பதிலில் நேரம் காட்டுமா? தெரியாததற்கு "தெரியவில்லை" என்று சொல்லுமா? எந்த இடத்திலும் ஒரே கிளிக்கில் மனிதரிடம் பேச முடியுமா? நான்குக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். ஒரு நாள் நீங்களே வாடிக்கையாளர் போலக் கேட்டுப் பாருங்கள். கடையில் இல்லாத பொருளைக் கேளுங்கள். "இருக்கிறது" என்று சொன்னால் அந்த பாட்டை மாட்டாதீர்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

கடைக்காரருக்குச் சொன்னதெல்லாம் வீட்டுக்கும் பொருந்தும். நம் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாவிட்டால், புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடைக்கு ஓட வேண்டியதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதால் கடையும் காலியாகும். 2020 மார்ச்சில் பார்த்தோமே! அமைதியான நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதற்குச் சேமிப்பு என்று பெயர். ஆபத்து வந்த அன்று அள்ளி வருவதற்குப் பதுக்கல் என்று பெயர். முன்னது அடுத்த வீட்டுக்காரருக்கும் நல்லது. அன்றைக்கு வரிசையில் ஓர் ஆள் குறைவு.

எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதையாவது திறந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் ஆறு தலைப்புகள் கொடுங்கள்: பொருள், ஒருவருக்கு ஒரு நாள் அளவு, ஆட்கள், நாட்கள், தேவை, கையிருப்பு. 'தேவை' கட்டத்தில் அதற்கு முன் உள்ள மூன்று எண்களையும் பெருக்கும் பார்முலாவைப் போடுங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு? நிவாரண முகாம்களுக்குப் பங்கீடு கணக்கிடும்போது தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம் என்று வைப்பது உலக வழக்கம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏழு நாட்களுக்குக் கணக்கிட்டால் அரிசி 11.2 கிலோ, பருப்பு 1.68 கிலோ, எண்ணெய் 700 கிராம், உப்பு 140 கிராம் வரும். குடிக்க ஆளுக்கு 3 லிட்டர் வீதம் 84 லிட்டர் தண்ணீர் வேண்டும். சமையலுக்கான தண்ணீர் தனி. நீங்கள் நினைத்ததைவிட அரிசி குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருக்கிறதல்லவா? கணக்குப் போடாமல் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் அரிசியை மூட்டையாக வாங்கிவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுவார்கள்.

கேஸ் தீர்ந்துபோனால்? அதற்கு நம்மிடம் அருமையான பொருட்கள் இருக்கின்றன. அவல், பொரிகடலை, வெல்லம், வேர்க்கடலை, வறுத்து அரைத்த சத்துமாவு. அவலை நனைத்து வெல்லம் சேர்த்தால் ஒரு வேளை உணவு. இவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி, தினமும் மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் அவர்களுக்கான வரிசைகளையும் சேருங்கள்.

அடுத்து 'வாங்கிய தேதி', 'கடைசித் தேதி' என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். 'கண்டிஷனல் பார்மட்டிங்' வசதியைப் பயன்படுத்தி, கடைசித் தேதிக்கு முப்பது நாட்களுக்குள் வந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படி அமைத்துவிடுங்கள். இதில்தான் கம்ப்யூட்டரின் உண்மையான உதவி இருக்கிறது. சிவப்பானதை எடுத்துச் சமையுங்கள். அடுத்த மாத மளிகையில் புதிதாக வாங்கி அதே இடத்தில் வையுங்கள். அடிக்கடி நிலநடுக்கம் காணும் ஜப்பானில் அரசே மக்களுக்குச் சொல்லும் முறை இது. 'சுழலும் இருப்பு' என்ற பொருளில் அதை 'ரோலிங் ஸ்டாக்' என்கிறார்கள். தனியாக டப்பா உணவு வாங்கிப் பரணில் போட்டுவிட்டு மறப்பது இல்லை. தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வைத்துச் சுழற்றுவதுதான். நம் பாட்டிமார் பழைய பருப்பை முன்னால் நகர்த்திப் புதியதைப் பின்னால் வைத்ததும் இதே முறைதான்.

வண்டு விழாமல் இருக்க அவர்கள் செய்ததையும் விடாதீர்கள். ரவையை வறுத்து வைப்பது, துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, அரிசியில் காய்ந்த வேப்பிலை அல்லது வசம்பு போடுவது. எதைச் செய்தாலும் முதலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம்தான் முதல் எதிரி.

காசு எங்கே?

வாரக் கூலியில் ஓடும் வீட்டில் பதினோரு கிலோ அரிசியைத் தனியாக வாங்கி வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் காஞ்சிபுரத்திலேயே பதில் இருக்கிறது. காஞ்சி மகாசுவாமிகள் சந்திரசேகரேந்திர சரஸ்வதி வலியுறுத்திய 'பிடி அரிசித் திட்டம்' பலருக்குத் தெரிந்திருக்கும். தினமும் உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது. அவர் சொன்னது தர்மத்துக்காக. அதே பழக்கத்தை வீட்டுக் கையிருப்புக்கும் பயன்படுத்தலாம்.

ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11.2 கிலோ சேர 224 நாட்கள் ஆகும். மாசி முதல் தேதி தொடங்கினால் புரட்டாசியில் முடிந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டில் ஒரு வாரத்து அரிசி தயார்! மாதா மாதம் ரேஷன் அரிசி வந்ததும், சேர்த்து வைத்திருக்கும் பழையதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு புதியதை அந்த டப்பாவில் போடுங்கள். அப்போது வண்டும் விழாது.

கடைசியாக ஒரு பிரிண்ட்

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்த பிறகு ஒரு வேலை பாக்கி. அந்தப் பட்டியலை பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கீழே பென்சிலால் தேதி போடுங்கள். பக்கத்திலேயே மளிகைக் கடை, கேஸ் ஏஜென்சி, பால்காரர் போன் நம்பர்களை எழுதுங்கள். மின்சாரம் போய், செல்போன் கோபுரமும் செயலிழந்தால் எந்த வெப்சைட்டும் பேசாது. 2015-ல் அதைத்தான் பார்த்தோம். காகிதம் அப்போதும் பேசும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து அளவு பாருங்கள். ஒருவர் சொல்ல, பிள்ளைகளில் ஒருவர் டைப் செய்யட்டும். அடுத்த மழையில் யாராவது "அரிசி இருக்கா?" என்று கேட்டால், டப்பாவைத் திறக்காமலே, எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாளுக்கு வரும் என்று அண்ணாச்சி மாதிரி நீங்களும் சொல்லலாம்.